பத்தாவது கார்பைனின் கட்டை

எங்கள் மாவட்டத் துப்பாக்கி சேகரிப்பாளர் சங்கம் மார்ச் மாதம் நடத்தும் கண்காட்சியில் இரண்டு கட்சி உண்டு. விற்கிற கட்சி, காட்டுகிற கட்சி. விற்கிறவர்கள் கூடத்தின் நடுவில் மேஜை போட்டுப் பேரம் பேசுவார்கள். மத்தியானத்துக்குள் அவர்கள் கடை பாதி காலியாகிவிடும். காட்டுகிறவர்கள் சுவரோரம் இருப்பார்கள். எவ்வளவு கொடுத்தாலும் எதையும் விற்க மாட்டார்கள். ஆயுசு முழுக்கத் தேடிச் சேர்த்ததை வெல்வெட் துணியில் பரப்பி, சுற்றிக் கயிறு கட்டி, அதற்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். கோடையில் பன்றிகளுக்குப் பரிசு கொடுக்கும் அதே கூடம்தான். ஆனால் அந்த ஒரு சனிக்கிழமை அது அரண்மனை.

என் வீட்டுக்காரர் மெர்ல் காட்டுகிற கட்சி. அதில் எனக்கு ரொம்பப் பெருமை. அவரிடம் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் இன்னும் இரண்டு துப்பாக்கி வாங்கிவிடுவார்.

அவர் சேர்த்தது கார்பைன்கள். இரண்டாம் உலகப் போரில் நம் பையன்கள் சுமந்த சின்னத் துப்பாக்கி. துப்பாக்கிக் கம்பெனிகள் மட்டும் செய்து மாளாது என்று அரசாங்கம் தட்டச்சு இயந்திரம் செய்தவர்கள், பாட்டுப்பெட்டி செய்தவர்கள் என்று பத்து கம்பெனிகளிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்தது. போர் முடிந்ததும் ராணுவம் அத்தனையையும் பிரித்து, பழுது பார்த்து, கைக்குக் கிடைத்த பாகத்தைக் கைக்குக் கிடைத்த துப்பாக்கியில் மாட்டிவிட்டது. ஒரு கம்பெனிக் குழல், இன்னொரு கம்பெனி விசை, மூன்றாவது ஊர் மரக்கட்டை. சாதாரண மனிதனுக்கு அது சுடும், அவ்வளவுதான். மெர்லுக்கும் அவர் கூட்டத்துக்கும் அது பெரிய அநியாயம். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதனதன் கம்பெனி முத்திரை போட்ட பாகத்தையே தேடிப் பிடித்து மாட்டினால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். அப்படி மாட்டிய துப்பாக்கிக்கு அவர்கள் பாஷையில் 'சரியான' துப்பாக்கி என்று பெயர். எங்கள் வெள்ளிவிழாக் கல்யாண நாளைக் கென்டக்கியில் ஒரு மாட்டுக் கொட்டகையில் கொண்டாடினோம். அங்கே ஒரு திருகாணி இருந்தது.

பத்து கம்பெனிக்கும் ஒவ்வொன்றாக, பத்தும் சரியான கார்பைன்கள். அதுதான் மெர்லின் லட்சியம். அதை வைத்து முதல் பரிசுக் கேடயத்தை வாங்க வேண்டும். வருடா வருடம் அவருக்குக் கிடைப்பது இரண்டாம் இடம். முதலிடம் ஹோபர்ட் க்ளைனுக்கு. ஹோபர்ட்டிடம் இருநூறு வருடத்து நீள் துப்பாக்கிகள் இருக்கின்றன. வெள்ளி பதித்தவை. மேலே தனி விளக்கு வேறு போட்டிருப்பார்.

"மெர்ல், வருத்தப்படாதே. ரெண்டாவதா வர்றதுக்கும் ஒரு தெறமை வேணும்" என்பார் வருடா வருடம்.

பத்தாவது துப்பாக்கி போன இலையுதிர்காலத்தில் எங்கள் தெருவிலேயே கிடைத்தது. மிஸஸ் ப்ரோகோப்பின் வீட்டில், சமையலறைக் கதவுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கணவர் எமில் போரில் கார்பைன் சுமந்தவர். ஊர் திரும்பிப் பல வருடம் கழித்து, அரசாங்கம் பழையவற்றைத் தபாலில் விற்றபோது ஒன்றை வரவழைத்தார். பெட்டியைப் பிரித்ததும் மிஸஸ் ப்ரோகோப் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்களாம். கட்டையில் தோள்வார் நுழைகிற பள்ளத்துக்குள் எங்கள் ஊர் பியானோ தொழிற்சாலையின் எழுத்துகள் இருந்தன. போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலை பியானோவை நிறுத்திவிட்டுக் கார்பைன் கட்டை செய்தது. மிஸஸ் ப்ரோகோப் அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வரிசையில் வேலை பார்த்தவர். இரும்பு எந்த ஊரிலிருந்தோ வந்தது. மரம் இங்கிருந்து புறப்பட்டு, கடல் தாண்டியோ தாண்டாமலோ, இங்கேயே திரும்பி வந்துவிட்டது. எமில் அதை வைத்து ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை.

எமில் போன பிறகு மிஸஸ் ப்ரோகோப் அதை மெர்லுக்கே கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"காட்சில வெச்சா எனக்கு ஒரு வார்த்தை சொல்லு மெர்ல். எங்க வரிசைப் பொண்ணுங்க அஞ்சு பேர் இன்னும் இருக்காளுங்க. கூட்டிட்டு வந்து காட்டணும்."

"நெஞ்சுல கை வெச்சுச் சொல்றேன், மிஸஸ் ப்ரோகோப்" என்றார் மெர்ல். நெஞ்சில் கையும் வைத்தார்.

அப்புறம் ஜனவரியில் ஒருநாள் நிலவறைக்குப் போனால், மனுஷன் அந்தத் துப்பாக்கியின் கட்டையைக் கழற்றிவிட்டு வேறு கட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அது மிஸஸ் ப்ரோகோப்போட கட்டை, மெர்ல்."

"அது தப்பான கட்டை, லவெர்ன். இந்த இரும்புக்கு அது சேராது. மூணு மாசமா தேடி, இதுக்குச் சரியானதை மிஷிகன்ல புடிச்சேன். பாரு, எவ்வளவு அழகா உக்காந்திருக்கு!"

"அந்தம்மா என்ன சொல்வாங்க?"

"சந்தோஷப்படுவாங்க. அவங்க துப்பாக்கிய நான் சரி பண்ணியிருக்கேனே."

அவர் முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. ஒரு குழந்தையின் கிழிந்த சட்டையைத் தைத்துக் கொடுத்தவர் மாதிரி நின்றார். திட்ட எனக்கு வாய் நிறைய வார்த்தை இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபின் ஒன்றும் வரவில்லை. பழைய கட்டையை யாருக்காவது மாற்றுக்குக் கொடுக்கலாம் என்று கம்பளியில் சுற்றிக் காட்சிக்கு எடுத்து வந்தார். நல்லவேளை, அன்று காலை பனி கொட்டியது. அவசரத்தில் அது வண்டியிலேயே, இருக்கைக்குப் பின்னால் கிடந்தது.

மெர்லின் மேஜை அன்று எப்படி இருந்தது தெரியுமா? பச்சை வெல்வெட்டில் பத்து கார்பைன்கள் சாய்வாக ஒரே வரிசையில். பின்னால் தேசப்படம், ஒவ்வொரு கம்பெனி ஊரிலிருந்தும் அதன் துப்பாக்கிக்குச் சிவப்பு நூல். பள்ளத்து எழுத்துகள் தெரிய வேண்டும் என்று தோள்வார்களைக் கழற்றிப் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்தார். முன்னால் ஒரு பெரிய அட்டை: 'பத்துக் கார்பைன்கள். எல்லாப் பாகங்களும் சரியானவை.' பத்தாவதுக்குக் கீழே சின்ன அட்டையில் எமில் ப்ரோகோப்பின் பெயர். விற்கிற கட்சிக்காரர்கள்கூடத் தங்கள் கடையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். நான் நாற்காலியில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தேன். கண்ணி எத்தனை தவறிப் போனதோ, என் கண் முழுக்கப் பார்க்க வருகிறவர்கள் முகத்தில்தான் இருந்தது.

எங்கள் சங்கத்தில் சில சட்டங்கள் உண்டு. வெறும் கையால் எதையும் தொடக் கூடாது. கை வியர்வை பட்ட இரும்பு துருப்பிடிக்கும். வெள்ளைப் பருத்தி உறை போட்டுத்தான் தொட வேண்டும். இன்னொன்று, பதினொரு மணிக்கு மணி அடித்ததும் நடுவர்கள் புறப்படுவார்கள். முடிவு சொல்கிற இரண்டு மணிவரை கயிற்றுக்குள் யார் கையும் போகக் கூடாது, சொந்தக்காரர் கையும்தான். போனால் அந்த மேஜை போட்டியில் இல்லை. ஒரு வருடம் ஒருவர் தும்மிவிட்டுத் துப்பாக்கியைத் துடைக்கப்போய்ப் பரிசை இழந்தார்.

மணி அடித்தது. தலைமை நடுவர் லீலண்ட் வந்தார். தொழிலில் பல் டாக்டர். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் அந்தச் சின்னக் கண்ணாடியையே கொண்டுவந்து, கயிற்றுக்கு வெளியிலிருந்து அதை மட்டும் உள்ளே நீட்டி, ஒவ்வொரு பள்ளமாக உற்றுப் பார்த்தார். நடுவருக்கு மட்டும் அந்தச் சலுகை உண்டு. பத்தாவதைப் பார்த்து முடித்ததும் சீட்டியடித்தார்.

"ஒரு சொத்தைகூட இல்லையே, மெர்ல்!"

அவர் நகர்ந்ததும் ஹோபர்ட் வந்தார். வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். அந்த மனுஷன் முகத்தில் முதல் தடவையாகக் கிண்டல் இல்லை.

"வீட்டுச் செவுத்துல ஆணி அடிச்சு வெச்சிட்டியா? கேடயம் கனமா இருக்கும், சொல்லிட்டேன்."

மெர்லுக்குக் காது வரை சிவந்தது. மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கம் கலகலப்பு கேட்டது. மிஸஸ் ப்ரோகோப் வந்தார், பின்னாலேயே ஐந்து பெண்கள். எல்லாருக்கும் எழுபது தாண்டியிருக்கும். ஈஸ்டருக்கு எடுக்கும் கோட்டு, கழுத்தில் முத்து, தலையில் அப்போதுதான் சலூனில் சுருட்டிய முடி. தேவாலய வேன் அவர்களைக் கொண்டுவந்து விட்டிருந்தது. போன ஞாயிறு பாதிரியார் பிரசங்கத்துக்குப் பின் இதை அறிவித்தே விட்டாராம். கூடத்தில் வழிவிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, தானாக வழி கிடைத்தது.

"வாங்கடி, வாங்க. மெர்ல், இவ ஸ்டெல்லா, இவ கமீலா, எல்லாரும் எங்க வரிசை. எங்கடா நம்ம கட்டை?"

மெர்ல் பத்தாவதைக் காட்டினார். மிஸஸ் ப்ரோகோப் எமிலின் பெயரைச் சத்தமாகப் படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கயிற்றின் மேல் சாய்ந்து பள்ளத்துக்குள் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி சாய்ந்தார்.

"இது நம்ம எழுத்து இல்லையே."

"என்னடி ஒட்டிலி சொல்ற?" என்றார் ஸ்டெல்லா. ஒட்டிலி என்பது மிஸஸ் ப்ரோகோப்பின் பெயர். அவரும் குனிந்தார். "ஆமா, நம்மளது இல்ல."

மிஸஸ் ப்ரோகோப் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலை. அவர் கோபப்படவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் தப்பாப் பார்த்திருப்பேன் போல. கதவுக்கு மேல ஒயரத்துல இருந்துதா… இத்தனை வருஷமா நம்மளதுன்னே நெனைச்சுட்டிருந்தேன். ஒங்க எல்லாரையும் இந்தப் பனியில இழுத்துட்டு வந்துட்டேன்."

"நீ எப்பவுமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவ, ஒட்டிலி" என்றார் இன்னொருவர். சிரிக்கத்தான் சொன்னார். மிஸஸ் ப்ரோகோப் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

நான் மெர்லைப் பார்த்தேன். கணவனை எதற்கெல்லாமோ நச்சரிக்கிறவள் நான். ஆனால் இது அவரே செய்ய வேண்டியது. அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், வேன் ஒரு மணிக்குக் கிளம்பிவிடும், இரண்டு மணிக்குக் கேடயம் கைக்கு வந்துவிடும். இருபது வருடத்து ஆசை.

"நீங்க தப்பாப் பார்க்கல, மிஸஸ் ப்ரோகோப்" என்று எழுந்தார். "ஒங்க கட்டைதான் இருந்துது. நான்தான் மாத்தினேன்."

"மாத்தினியா? ஏன்? விரிசல் விட்டுருந்துதா?"

"விரிசல் எல்லாம் இல்ல. அது… தப்பான கட்டை."

ஆறு பேரும் நிமிர்ந்தார்கள்.

"தப்பா?" என்றார் மிஸஸ் ப்ரோகோப். "நாங்க பண்ணதுல என்ன தப்பு?"

"ராணுவ இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து நிப்பான்" என்றார் ஸ்டெல்லா. "எங்க வரிசையிலேர்ந்து ஒரு கட்டையைத் திருப்பி அனுப்பினதில்ல. ஒண்ணே ஒண்ணு! நீ என்னடா தப்பு கண்டுபுடிச்ச?"

மெர்லிடம் பதில் இருந்தது. அந்தக் கூடத்தில் கயிறு கட்டிய ஒவ்வொருவரிடமும் அந்தப் பதில் இருந்தது. எந்தக் கம்பெனி யாருக்குக் கட்டை கொடுத்தது, எந்த மாதம், எந்த முத்திரை, எல்லாம் விரல் நுனியில். அந்த ஆறு முகத்துக்கு முன்னால் அதைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

"ஒரு தப்பும் இல்லைம்மா" என்றார் மெர்ல். பிறகு என் பக்கம் திரும்பினார். "லவெர்ன், இருக்கைக்குப் பின்னாடி கம்பளி."

கோட்டுகூடப் போடாமல் ஓடினேன். பனியில் இரண்டு தடவை வழுக்கினேன். திரும்பி வந்தபோது மேஜையைச் சுற்றிக் கூட்டம். மெர்ல் கயிற்றின் மேல் கை வைத்திருந்தார், ஹோபர்ட் அவர் தோளைப் பிடித்திருந்தார்.

"பைத்தியமா ஒனக்கு? மணி அடிச்சாச்சு. ரெண்டு மணி வரைக்கும் பொறு."

"வேன் ஒரு மணிக்கு."

"மெர்ல்" என்றார் லீலண்ட். அவருக்கே வலித்தது, முகத்தில் தெரிந்தது. "கயித்துக்குள்ள கை வெச்சா நான் ஒன்னைப் போட்டியிலேர்ந்து எடுத்தாகணும். எனக்கு வேற வழியில்ல."

"எடுத்துடு லீலண்ட்" என்று மெர்ல் கயிற்றைத் தூக்கினார்.

கூடத்தில் யாரோ 'அடக் கடவுளே' என்றார்கள். மெர்ல் உறை மாட்டிக்கொண்டு, காவலுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாடாவை வெட்டி, பத்தாவதை வெல்வெட்டில் படுக்க வைத்தார். சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். திருகாணியில் ஒரு கீறல் விழுந்தாலும் எங்கள் ஆட்களுக்கு உயிர் போகும். அதனால் ஒவ்வொருவரும் தன் திருப்புளியைத் தானே தேய்த்துக் கூராக்கி வைத்திருப்பார். கூடப்பிறந்தவனுக்கும் இரவல் தர மாட்டார். ஹோபர்ட் கயிற்றுக்கு மேலே கையை நீட்டினார். அதில் எலும்புக் கைப்பிடி போட்ட அவருடைய திருப்புளி இருந்தது.

"இந்தா. ஒன்னோட அந்தக் கடப்பாரையால அதைத் தொடாதே. திருகாணி அழுதுடும்."

மெர்ல் அதை வாங்கிக்கொண்டார். வளையத்தைத் தளர்த்தி முன்னால் தள்ளினார், இரும்பை மரத்திலிருந்து தூக்கினார். மிஷிகனிலிருந்து வந்த அந்த அழகான கட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கம்பளியைப் பிரித்தார். வருடக்கணக்கில் வெங்காயப் புகை குடித்துக் கறுத்த கட்டை. இரும்பு அதில் உட்கார்ந்தபோது 'டக்' என்று சத்தம் வந்தது. வாசல்வரை கேட்டிருக்கும், அவ்வளவு அமைதி.

லீலண்ட் தன் பல் கண்ணாடியை நீட்டினார். நான் டார்ச் பிடித்தேன். மெர்ல் துப்பாக்கியைக் கயிற்றுப் பக்கம் கொண்டுவந்தார். சுருட்டிய ஆறு தலைகள் ஒன்றாகக் குனிந்தன.

"இருக்குடி!" என்றார் மிஸஸ் ப்ரோகோப். "இருக்கு! நான் சொல்லல?"

"அந்த முத்திரையைச் சுத்தியலால அடிச்சது என் கை" என்றார் ஸ்டெல்லா.

"ஒன் கையா? நீ பாதி நாள் கழிவறையில சிகரெட் புடிச்சிட்டிருந்த."

"மீதிப் பாதி நாள்லதான் போரை ஜெயிச்சேன், போடி."

கூடமே சிரித்தது. யார் தேய்த்தது, யார் எண்ணெயில் முக்கியது என்று ஆறு பேரும் சண்டை போட்டார்கள். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கட்டைக்கு அன்று ஆறு சொந்தக்காரிகள் இருந்தார்கள். மிஸஸ் ப்ரோகோப் கையை நீட்டினார். பாதியில் சட்டம் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

"அந்த வெள்ளை உறை ஒண்ணு குடேன், மெர்ல். தொட்டுப் பார்த்துக்கறேன்."

மெர்லின் பையில் இன்னொரு ஜோடி உறை இருந்தது. அவர் எடுக்கவில்லை.

"அன்னைக்கு உறை போட்டுக்கிட்டா தேய்ச்சீங்க?"

"உறையா? விரல்ல தோலே மிச்சம் இல்ல எங்களுக்கு."

"அப்ப வெறுங்கையாலயே தொடுங்க."

சுற்றி நின்ற அத்தனை பேரும் சட்டம் தெரிந்தவர்கள். ஒருத்தர் முணுமுணுக்கவில்லை. மிஸஸ் ப்ரோகோப் கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து, மரத்தின் போக்கிலேயே மேலிருந்து கீழே தடவினார். உப்புத்தாள் பிடித்த அதே ஓட்டம். பின்னால் கமீலா, ஸ்டெல்லா, ஒவ்வொருவராக. என் கண்ணில் தண்ணீர் வந்ததை மறைக்க எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் ஹோபர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

வேனுக்குக் கிளம்பும்போது மிஸஸ் ப்ரோகோப் பெரிய அட்டையைப் பார்த்தார்.

"இப்ப அதுல என்ன எழுதுவ? பத்தும் சரின்னு போட்டிருக்கியே."

மெர்லும் அட்டையைப் பார்த்தார்.

"அப்படியேதான் இருக்கும்" என்றார்.

லீலண்ட் போட்டிப் பட்டியலில் மெர்லின் பெயரை அடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கினார். "போட்டியிலதான் நீ இல்ல. அட்டையில தப்பு ஒண்ணும் இல்ல."

இரண்டு மணிக்குக் கேடயம் வழக்கம்போல ஹோபர்ட்டுக்குப் போனது. வாங்கியதும் நேராக எங்கள் மேஜைக்கு வந்தார்.

"இது கணக்குல சேராது. அடுத்த வருஷம் ஒன்னை ஒழுங்கா ஜெயிக்கணும். திருப்புளியைக் குடு."

சாயங்காலம்வரை எங்கள் மேஜையில் கூட்டம் குறையவில்லை. பியானோ தொழிற்சாலையில் அம்மா வேலை பார்த்ததாக, அத்தை வேலை பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் கேட்டது பத்தாவதை. மெர்ல் சளைக்காமல் டார்ச் அடித்துக் காட்டினார். முதல் பரிசு வாங்கியிருந்தாலும் அந்த முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்திருக்காது.

எல்லாவற்றையும் எடுத்துக் கட்டும் நேரம் வந்தது. அன்றன்றைக்கு எண்ணெய்த் துணியால் ஒவ்வொரு துப்பாக்கியையும் துடைத்துத்தான் பெட்டியில் வைப்பார். ஒரு கைரேகைகூட வீட்டுக்கு வரக் கூடாது. ஒன்பதையும் இரும்பு, மரம் என்று ஒரு இடம் விடாமல் துடைத்தார். பத்தாவதில் இரும்பை மட்டும் துடைத்தார். கறுத்த கட்டை முழுக்க அந்தப் பெண்களின் விரல் தடங்கள் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தன. அதன்மேல் துணி படாமல் பெட்டியில் வைத்து மூடினார்.

"எனக்கு ஒன்னை நெனைச்சாப் பெருமையா இருக்கு, மெர்ல்" என்றேன். எத்தனையோ வருடமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்.

அவர் துணியை மெதுவாக மடித்தார். இன்னொரு தடவை மடித்தார்.

"விக்கிற மேஜைல ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன், லவெர்ன்."

"தெரியும். போய் வாங்கு. எதையும் கழட்டறதுக்கு முன்னாடி, அது யார் வீட்டுக் கதவுல தொங்குச்சுன்னு கேட்டுட்டு வா."